எத்தாளைக் கரை சொல்லும் கணக்கு

மங்கலப் பொருள் என்று எம்மவர் போற்றும் மஞ்சள், கள்ளச் சரக்காகி நீதிமன்றத்திலே சான்றுப் பொருளாய்க் குவிக்கப்பட்ட விந்தையை இந்நாடு அண்மைக் காலத்தில் கண்டது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியைத் தடைசெய்தது. உள்ளூர் விவசாயியை வாழவைப்பதற்கே இத்தடை என்று சொல்லப்பட்டது. சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ மஞ்சள், அடுத்த ஆண்டு முடிவதற்குள் சில ஆயிரம் ரூபாவாக ஏறியது. மாவைக் கலந்து மஞ்சள் என்று விற்றவர்களும் உண்டு. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூடை மூடையாக ஏற்றப்பட்ட மஞ்சள், மன்னாரிலும் கற்பிட்டியிலும் இரவோடு இரவாக இறங்கியது. இறங்கியதில் ஒரு பங்கைக் கடற்படை பிடித்தது. படகோடு பிடிபட்டவன் யார்? பணம் போட்ட முதலாளியா? அல்லன். கூலிக்குப் படகோட்டிய இளைஞன்!

எத்தாளையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கற்பிட்டிக் குடாநாட்டிலே, பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் பாதையை அண்டிய கரையூர் அது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே மணல். அந்த மணலிலே கிணறு தோண்டி, நீர் இறைத்து, மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் விளைவிக்கும் உழைப்பாளிகள் வாழும் நிலம் அது. மற்றொரு பகுதியினர் வலையையும் கடலையும் நம்பி வாழ்பவர்கள். கடலுக்கு அப்பால் இந்தியக் கரை. ஒரே பொருளுக்கு இக்கரையில் ஒரு விலை, அக்கரையில் ஒரு விலை. இந்த இரு விலைகளுக்கும் இடையிலுள்ள கடலிலேதான் எத்தாளையின் தலைவிதி மிதந்துகொண்டிருக்கிறது.

கள்ளக்கடத்தல் என்றதும் ஆளுவோர் வாயிலிருந்து வருவன இரண்டு சொற்கள். ஒன்று, ஒழுக்கக்கேடு. மற்றது, தேசத்துரோகம். கரையிலே வாழும் தமிழ் பேசும் மக்களை ஐயக் கண்கொண்டு பார்ப்பது இந்நாட்டில் இன்று நேற்று வந்த பழக்கமன்று. 1952ஆம் ஆண்டிலே கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கவென்று வடகரைக்கு இராணுவத்தை அனுப்பினர். 1963இல் அதனையே விரிவாக்கித் தனிப்படை ஒன்றை நிறுவினர். படைகள் வந்தன, போயின. கடத்தல் மட்டும் போகவில்லை. அரிசி, புடவை, பீடி இலை, மஞ்சள், களைநாசினி எனப் பொருள்கள் மாறின, படகு மாறவில்லை.

ஏன்? இக்கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை கிடையாது. சட்டம் கற்ற நாமே இதனை ஒப்புக்கொள்கிறோம். எது குற்றம், குற்றவாளி யார், தண்டனை யாது என்று சட்டம் சொல்லும். குற்றம் ஏன் இந்தக் கரையில், இந்தக் காலத்தில், இந்தப் பொருளில் பெருகுகிறது என்று அது சொல்லாது. அதனைச் சொல்வது கணக்கு.

படகோட்டியின் கணக்கு

இது இன்று புதிதாய்ப் பிறந்த எண்ணமன்று. மிலான் நகரத்தவரான செசாரே பெக்காரியா என்னும் அறிஞர் 1764ஆம் ஆண்டிலே குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்த நூல் அது. அதே காலத்தில் கள்ளக்கடத்தலைப் பற்றி அவர் சிறு கட்டுரை ஒன்றும் எழுதினார். வரி இவ்வளவு, பொருளின் பெறுமதி இவ்வளவு என்றால், சரக்கில் எத்தனை பங்கு பிடிபட்டாலும் கடத்துபவன் நட்டமின்றித் தப்புவான் என்பதை அட்சர கணிதத்தால் அதில் அவர் காட்டினார்.

அந்தக் கணக்கை எமது விவசாயப் பெருமக்கள் ஒரு துண்டுக் கடதாசியிலே போட்டுப் பார்க்கலாம். அக்கரையில் 100 ரூபாவுக்கு வாங்கும் பொருள் இக்கரையில் 500 ரூபாவுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகுச் செலவையும் கூலியையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். ஐந்து படகுச் சரக்கை அனுப்பி அதில் நான்கு பிடிபட்டாலும், கரைசேர்ந்த ஒன்றின் விற்பனையில் முதலாளியின் முழு முதலும் திரும்பிவிடுகிறது. மூன்று பிடிபட்டால் முதல் இரட்டிப்பாகிறது. அப்படியானால் இவ்வணிகத்தை நிறுத்தக் கடற்படை நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் பிடித்தாக வேண்டும். இருளிலே, இத்தனை நீண்ட கரையிலே, எந்த நாட்டுக் கடற்படையால் இது ஆகும்?

இனி விலை இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். 100 ரூபாப் பொருள் இங்கே 200 ரூபாவுக்கு விற்கிறது. இப்போது இரண்டில் ஒன்று பிடிபட்டாலே வணிகம் சரி. 150 ரூபாவுக்கு விற்கிறது. மூன்றில் ஒன்று பிடிபட்டாலே வணிகம் படுத்துவிடும். கடற்படை அதே கடற்படை. படகு அதே படகு. இரவு அதே இரவு. மாறியது விலை ஒன்றே. முதற் கணக்கில் தோற்ற காவல், மூன்றாம் கணக்கில் வென்றுவிடுகிறது.

எம் வாசகர்கள் இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், இக்கட்டுரையில் எஞ்சிய அனைத்தும் தாமே விளங்கும். காவலின் வெற்றியும் தோல்வியும் கரையிலே தீர்மானிக்கப்படுவதில்லை. வர்த்தமானி அச்சாகும் கொழும்பிலே தீர்மானிக்கப்படுகின்றன.

அப்படியானால் மனிதன் வெறும் கணக்குப் பொறியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எத்தாளையிலே ஆயிரம் பேர் ஒரே விலையைக் காண்கிறார்கள். படகேறுபவர்களோ ஒரு சிலர். மற்றவர்களை மானமும் மார்க்கமும் பெற்றோர் சொல்லும் தடுத்து நிறுத்துகின்றன. அவர்களுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் நாம் கணக்கிட வேண்டியது ஊர் முழுவதையும் அன்று, விளிம்பிலே நிற்பவனை. இந்த மாதம் கடனைக் கட்ட வழியில்லாதவனை. விலை ஏறும்போது அந்த விளிம்பு அகல்கிறது. நேற்று மறுத்தவன் இன்று யோசிக்கிறான். இன்று யோசித்தவன் நாளை படகேறுகிறான்.

அந்த விளிம்பை அகலச் செய்தது யார்? 2021 மே மாதத்தில் செயற்கை உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். நாடெங்கும் பயிர் வாடியபின், நவம்பரில் அத்தடையைத் தாமே விலக்கிக்கொண்டார்கள். 2022 ஆகஸ்டில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. வெளிப்புற இயந்திரப் படகுக்கு மண்ணெண்ணெயே உயிர். தோட்டக்காரனுக்கு உரமில்லை, மீனவனுக்கு எண்ணெய் கட்டுபடியாகவில்லை. நேர்மையான தொழிலின் கூலியை ஒரு கையால் குறைத்தார்கள். கள்ளத் தொழிலின் கூலியை மறு கையால் ஏற்றினார்கள். பின்பு, கரையிலே ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று கண்ணீர் வடிக்கிறார்கள்!

கடுமையா, நிச்சயமா?

1968ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர், குற்றத்தையும் தண்டனையையும் பொருளியல் நோக்கில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1992இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அந்த எண்ணம் தமக்கு வந்த விதத்தை அவரே கூறியுள்ளார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவரொருவரைப் பரீட்சிக்கச் சென்றபோது நேரமாகிவிட்டது. மோட்டார் வண்டியைக் கட்டணம் கட்டித் தரிப்பிடத்தில் விடுவதா, சட்டத்தை மீறித் தெருவோரத்தில் விடுவதா? பிடிபடும் வாய்ப்பையும், பிடிபட்டால் கட்டவேண்டிய அபராதத்தையும், மிஞ்சும் நேரத்தையும் எடைபோட்டுத் தெருவோரத்திலேயே விட்டார். பேராசிரியர் செய்த அதே கணக்கைத்தான் படகோட்டியும் செய்கிறான். ஒருவருக்குக் கிடைப்பது நொபெல் பரிசு. மற்றவனுக்குக் கிடைப்பது விளக்கமறியல்.

தண்டனையில் இரண்டு பகுதிகள் உள. ஒன்று, பிடிபடும் நிச்சயம். மற்றது, பிடிபட்டபின் வரும் கடுமை. எமது அரசாங்கங்கள் எப்போதும் பிடித்துக்கொள்வது இரண்டாவதையே. ஏனெனில், கடுமையை ஒரு வரியில் சட்டமாக்கிவிடலாம், அதற்குச் செலவில்லை, மேடையில் கைதட்டலும் கிடைக்கும். நிச்சயத்தை உண்டாக்குவதற்கோ நல்ல பொலிஸ் வேண்டும், விரைவான நீதிமன்றம் வேண்டும், விலைபோகாத அதிகாரி வேண்டும்.

கடுமை மட்டும் பயன் தருமா என்பதற்குக் கற்பிட்டியிலேயே கற்சான்று நிற்கிறது. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை அது. கண்டி இராச்சியத்துக்குக் கடல் வாயிலாக இருந்த புத்தளத்தின் வணிகத்தைத் தம் பிடிக்குள் வைப்பதே அவர்கள் நோக்கம். கறுவா அவர்களது ஏகபோகம். கள்ளமாய்க் கறுவா பட்டை உரித்தவனுக்கும் விற்றவனுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். ஆயினும் கள்ளக் கறுவா நின்றுவிடவில்லை. ஒல்லாந்தர் போய்விட்டனர். கோட்டை இன்று எமது கடற்படையின் பாவனையில் உள்ளது. பாடத்தை மட்டும் எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

எமது காலத்துக்கு வருவோம். 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் 2 கிராம் ஹெரோயின் கடத்தலுக்கே மரண தண்டனையை வகுத்தது. 2022இல் ‘ஐஸ்’ எனப்படும் நஞ்சுக்கும் அத்தண்டனையை நீட்டினர். ஆனால் இந்நாட்டில் எவரும் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது 1976இல். தூக்கு மரத்தைத் திரும்ப நடவேண்டும் என்று நாம் கூறவில்லை. அதனை வன்மையாக எதிர்க்கிறோம். நாம் சொல்வது இதுதான்: ஏட்டிலே கிடக்கும் கடுமை எவனையும் அச்சுறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்காய் இழுபடும் வழக்கும், முகவரியில்லாத முதலாளியும், கரையொதுங்கிய உரிமையாளரற்ற பொதியும் சேர்ந்து படகோட்டியின் காதில் ஓதுவது, “பிடிபடமாட்டாய், பிடிபட்டாலும் நீதான் போவாய், நான் போகமாட்டேன்” என்பதையே.

காவலனின் கணக்கு

கணக்குப் பார்ப்பதென்றால் படகோட்டியின் கணக்கை மாத்திரம் பார்த்து நிறுத்திவிடுவது நேர்மையன்று. சீருடை அணிந்தவனும் மனிதனே. அவனுக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு, கடன் உண்டு. ஒரு படகுச் சரக்கின் இலாபம் அவனது பல மாதச் சம்பளத்தை மிஞ்சுமானால், கண்ணை மூடிக்கொள்ளும் விலையைக் கொடுக்க முதலாளியால் முடியும். 1974இல் பெக்கரும் ஜோர்ஜ் ஸ்டிக்லரும் இணைந்து எழுதிய கட்டுரை இதனையே ஆராய்ந்தது. லஞ்சம் என்பது தண்டனையைத் தள்ளுபடி விலைக்கு விற்பது. அதனைத் தடுக்க அவர்கள் கூறிய வழி எளிது: அதிகாரிக்கு வெளியே கிடைக்கக்கூடியதிலும் உயர்ந்த சம்பளத்தைக் கொடு, நேர்மையாய் ஓய்வுபெற்றால் நல்ல ஓய்வூதியம் கொடு, விலைபோனவன் இரண்டையும் இழக்கட்டும். இழப்பதற்கு ஏதாவது இருப்பவனே அஞ்சுவான்.

இங்கே நடப்பது என்ன? 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் இன்றும் வழக்கில் உள்ளது. பறிமுதலிலிருந்து அதிகாரிகளுக்கு வெகுமதி வழங்கும் முறையும் அதனோடு உள்ளது. ஊக்கம் தருவது நல்லதே. ஆனால் எதற்கு ஊக்கம் தருகிறோமோ அதுவே விளையும். பொதிக்குப் பரிசு கொடுத்தால் பொதி பிடிபடும். பொதியின் சொந்தக்காரனைப் பிடிப்பதற்கு, அவனது வங்கிக் கணக்கைத் தேடுவதற்கு, வழக்கை இறுதிவரை நடத்துவதற்கு எந்தப் பரிசும் இல்லையென்றால், அவற்றைச் செய்ய யார் விரைவார்?

பொலிஸாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2001இல் பதினேழாம் திருத்தம் பொலிஸ் ஆணைக்குழுவுக்குச் சுதந்திரம் கொடுத்தது. 2010இல் பதினெட்டாம் திருத்தம் அதனைப் பறித்தது. 2015இல் மீண்டும் கொடுத்தார்கள். 2020இல் மீண்டும் பறித்தார்கள். 2022இல் மீண்டும் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் இத்தனை முறை எசமான் மாறினால், ஒரு பொறுப்பதிகாரி கற்கும் பாடம் யாது? சட்டத்துக்கு அஞ்சாதே; இடமாற்றத்துக்கு அஞ்சு என்பதன்றோ!

வேறு நாடுகள் கற்ற பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தே கள்ளத் தேயிலையில் மிதந்தது. தேயிலைத் தீர்வை 119 வீதமாக உயர்ந்திருந்தது. கரையோரக் கிராமங்கள் முழுவதும் கடத்தலில் இறங்கின. 1784இல் பிரதமர் வில்லியம் பிட் தீர்வையை 12½ வீதமாகக் குறைத்தார். கள்ளத் தேயிலை வணிகம் சரிந்தது. சட்டப்படி வந்த தேயிலை பல மடங்காயிற்று. எந்தத் தூக்கு மரமும் செய்யாததை ஒரு தீர்வைப் பட்டியல் செய்தது.

இங்கிலாந்து தொலைவு என்போர் இந்தியாவைப் பார்க்கட்டும். 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் பம்பாய்க் கரையில் கடத்தல் மன்னர்களை முடிசூட்டியது. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, பின் இறக்குமதிக்கும் வழி திறந்தபோது அவர்களது பழைய சாம்ராச்சியம் மங்கியது. தங்கத்தின் மீதான வரி மீண்டும் படிப்படியாய் ஏறி 2022இல் 15 வீதமான காலத்தில், எமது கரையிலிருந்து மண்டபம், வேதாளைக் கரைகளுக்குத் தங்கம் போயிற்று. அங்கிருந்து மஞ்சள் வந்தது. இங்கிருந்து தங்கம் போனது. 2024 ஜூலையில் இந்திய அரசாங்கம் அவ்வரியை 6 வீதமாகக் குறைத்தது. கடத்துவோரின் இலாபத்தை அடிவேரிலே வெட்டும் வழி அதுவே என்பதை டில்லி உணர்ந்துகொண்டது.

அப்படியானால் ஹெரோயினுக்கும் கதவைத் திறக்கலாமா என்று எதிரணி வழக்கறிஞர் குறுக்கிடுவார். வேண்டாம். நஞ்சு வேறு, மஞ்சள் வேறு. நாம் கூறுவது இதற்கு நேர்மாறு. மஞ்சளையும் பீடி இலையையும் துரத்துவதில் செலவான ஒவ்வொரு ரோந்தும், நஞ்சைத் துரத்துவதற்குக் கிடைக்காத ரோந்து. மஞ்சளுக்காக ஒருமுறை திறந்த வழியை, மஞ்சளுக்காக ஒருமுறை பழகிய படகோட்டியை, நஞ்சு வணிகன் இனாமாகப் பெற்றுக்கொள்கிறான். சமையலறைப் பொருளைக் குற்றமாக்கிய அரசாங்கம் நஞ்சுக்கு வழிகாட்டியை வளர்த்துக் கொடுக்கிறது.

வர்த்தமானியின் கணக்கு

இரவிலே படகில் வருவது மட்டுமா கள்ளம்? பகலிலே வர்த்தமானியில் வருவதையும் இதே தராசில் நிறுத்துப் பார்ப்போம். 2020 அக்டோபர் 13ஆம் திகதி, சீனியின் மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. மக்களுக்குச் சீனி மலிவாய்க் கிடைக்கும் என்றார்கள். வரி குறைந்தது, கடையிலே விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. அரசாங்க வருமானத்தில் 1500 கோடி ரூபாவுக்கு மேல் போயிற்று. அந்தப் பணம் ஆவியாகவா போனது? ஒரு சிலரே இறக்குமதி செய்யும் சந்தையில் வரியைக் குறைத்தால், குறைந்த வரி இறக்குமதியாளனின் பெட்டிக்குப் போகும். போட்டி நிறைந்த சந்தையில் குறைத்தால் மக்களின் கைக்கு வரும். இதுவும் கணக்கே.

போட்டியைக் காப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், ஏகபோகங்களையும் கம்பனிகள் ஒன்றிணைவதையும் விசாரிக்க அதிகாரம் வழங்கியது. 2003இல் வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டது. இன்று அதிகாரிகள் சில்லறைக் கடைக்காரனிடம் விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மொத்த வணிகத்தை ஒரு கைவிரல் எண்ணிக்கையினர் பிடித்திருப்பதைப் பார்ப்பதற்கோ கண்ணில்லை. எத்தாளையில் படகோட்டி பிடிபடுவதும், சந்தையில் பெட்டிக்கடைக்காரன் பிடிபடுவதும் ஒரே நீதியின் இரு முகங்கள்.

1974இல் ஆன் குரூகர் என்னும் பொருளியலாளர், இறக்குமதி அனுமதிப் பத்திரங்களால் விளையும் கேட்டை இந்தியாவையும் துருக்கியையும் எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். அனுமதிப் பத்திரத்துக்கு விலை உண்டானால், வணிகர்கள் நல்ல பொருளைச் செய்வதில் காலத்தைச் செலவிடமாட்டார்கள். அமைச்சரின் வாயிலில் செலவிடுவார்கள். ஸ்டிக்லர் 1971இலேயே இன்னொன்றைச் சொன்னார்: ஒரு தொழிலைக் கட்டுப்படுத்த வரும் சட்டம், பெரும்பாலும் அத்தொழிலிலுள்ள பெரியவர்களாலேயே தம் நன்மைக்காகக் கேட்டுப் பெறப்படுகிறது.

எமது நாட்டில் இதற்கு வாயில் அகலத் திறந்து கிடக்கிறது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட பண்ட வரிச் சட்டமும் அமைச்சரின் ஒரு கையொப்பத்துக்குக் கொடுத்த வல்லமை பெரிது. இரவிலே கையொப்பம், காலையிலே புது விலை. முன்கூட்டி அறிந்தவன் கோடீசுவரன், அறியாதவன் கடன்காரன். பாராளுமன்றத்தின் முன் அங்கீகாரமின்றி அமைச்சர் வரியை மாற்றும் இவ்வதிகாரம் நீங்க வேண்டும் என்று, 2023 செப்டம்பரில் வெளியான சர்வதேச நாணய நிதியத்தின் ஆட்சிமுறை ஆய்வும் கூறிற்று. வெளியூரார் வந்து சொல்லித்தானா இதனை நாம் அறிய வேண்டும்?

விவசாயியின் கேள்விக்கு விடை

இங்கே எமது விவசாயப் பெருமக்கள் எழுந்து கேட்கும் கேள்வி எம் காதில் விழுகிறது. “தடை தீது என்கிறீர்களே! 1970 முதல் 1977 வரை மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராமல் தடுத்தபோதுதானே யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்தான்? 1977இல் கதவைத் திறந்தபோதுதானே அவன் விழுந்தான்?”

உண்மை. அதனை மறைக்க நாம் வரவில்லை. பாதுகாப்பு விவசாயிக்கு நன்மை செய்த காலம் உண்டு. ஆனால் அன்று காக்கப்பட்டது, விவசாயியின் கையில் ஏற்கெனவே இருந்த பயிர். விதை இருந்தது; நிலம் இருந்தது; பழக்கம் இருந்தது; சில மாதங்களில் சந்தைக்கு விளைச்சல் வந்தது. மஞ்சளோ நட்டு எட்டு, ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டிய பயிர். நாட்டின் தேவைக்கு ஏற்ற நடுகிழங்கு கையில் இல்லாமலே கதவை அடைத்தார்கள். விலை ஏறியபோது விற்பதற்குச் சிறு விவசாயியிடம் சரக்கில்லை. பதுக்கி வைத்தவனிடமும் கடத்தி வந்தவனிடமுமே இருந்தது. விவசாயியின் பெயரால் போட்ட தடையின் முதல் அறுவடையை அறுத்தவன் விவசாயி அல்லன்.

விவசாயியைப் பாழாக்குவது மலிவான இறக்குமதி மட்டுமன்று; நிலையற்ற இறக்குமதி. நடும்போது தடை, அறுக்கும்போது திறப்பு. அல்லது நடும்போது திறப்பு, உண்ணும்போது தடை. எத்தாளையில் வெங்காயம் நடுபவனுக்கு வேண்டியது வாக்குறுதியன்று. நடும் நாளிலே, அறுக்கும் நாளின் வரி எவ்வளவு என்று தெரிந்திருக்கும் உறுதி. தடைக்குப் பதிலாக அளவான தீர்வை; அதுவும் போகத்துக்கு முன் அறிவிக்கப்பட்டு, போகம் முடியும்வரை மாறாத தீர்வை. அது விவசாயியைக் காக்கும். மூன்றில் ஒன்றைப் பிடித்தாலே கடத்தலையும் முறிக்கும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, அத்தியாவசியப் பண்டங்களின் வரியையும் தடையையும் இரவுக் கையொப்பத்தால் மாற்றும் அதிகாரம் ஒழிய வேண்டும். பாராளுமன்றத்தில் விவாதித்து, பயிர்ப் போகத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, பிடித்த மூடைகளின் எண்ணிக்கையைப் பறைசாற்றுவதை விட்டு, பணம் போட்டவர்கள் எத்தனை பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, அதிகாரிகளின் சம்பளமும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் அந்தக் கணக்கோடு இணைய வேண்டும். இடமாற்றம் அரசியல்வாதியின் கைக்கு மீண்டும் எட்டாதிருக்க வேண்டும். நான்காவது, ஏகபோகங்களை விசாரிக்கும் அதிகாரத்தை மீண்டும் சட்டமாக்க வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது எமது வழக்கமன்று. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் உள்ள ஆசிரியர்களையும் சட்டத்தரணிகளையும் கணக்காளர்களையும் கூட்டுறவுச் சங்கத்தாரையும் ஒரு காரியத்துக்கு அழைக்கிறோம். ஊருக்கு ஒரு விலைப் பதிவேடு திறவுங்கள். மிளகாய், வெங்காயம், மஞ்சள், உரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தோட்டத்தில் என்ன விலை, கொழும்பில் என்ன விலை, அக்கரையில் என்ன விலை என்று வாரந்தோறும் எழுதுங்கள். எந்த வர்த்தமானி எந்த நாளில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஓராண்டு சென்றபின் அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலுக்குப் போங்கள். கூச்சலுக்கு மறுகூச்சல் போடுவது அவர்களுக்குப் பழக்கம். கணக்குக்கு மறுமொழி சொல்வது பழக்கமில்லை.

எத்தாளையில் இன்றிரவும் ஒரு தாய் மகனுக்காக விழித்திருப்பாள். அவன் மீனுக்குப் போனானா, மூடைக்குப் போனானா என்பது அவளுக்குத் தெரியாது. அவன் போகும் வழியைத் தீர்மானிக்கும் விலையை எழுதியவர்கள் கொழும்பிலே நிம்மதியாய் உறங்குகிறார்கள். குற்றத்தைக் கரையிலே தேடியது போதும். இனிக் கணக்குப் புத்தகத்திலே தேடுவோம்!